விரல்நுனியில் விளக்கேற்றியவர்

உடலில் ஒரு குறை நேரும்போது மனிதன் இரண்டு வகையான துன்பங்களுக்கு ஆளாகிறான். அந்தக் குறையே தரும் துன்பம் ஒன்று. பிறரைப் போல் நாம் இல்லையே என்ற எண்ணம் தரும் துன்பம் மற்றொன்று. முதலாவதை மருந்தும் கருவியும் உறவினரின் உதவியும் ஓரளவு தணிக்கக்கூடும். இரண்டாவதைத் தணிக்கும் மருந்து வெளியில் எங்கும் விற்கப்படுவதில்லை. அது மனத்தில் பிறந்த துன்பம். மனத்தின் வலிமையால்தான் அது நீங்க வேண்டும்.

அந்த வலிமை எத்தகையது? விதியோடு இடைவிடாமல் மல்லுக்கு நிற்பதா? இழந்ததை இழக்காததுபோல் பாவனை செய்வதா? அல்லது, எல்லாம் முடிந்தது என்று அமைதியாக ஒதுங்கிவிடுவதா? இவை மூன்றும் அல்லாத ஒரு வழி இருக்கிறது. அந்த வழியில் வாழ்நாள் முழுவதும் நடந்து காட்டியவர் லூயி பிரெயில்.

அவருடைய பெயரை அறியாதவர் குறைவு. பார்வையற்றோர் படிக்கும் எழுத்துமுறையே அவர் பெயரால் வழங்குகிறது. ஆனால் எழுத்தை அறிந்த அளவுக்கு மனிதரை நாம் அறிந்திருக்கவில்லை. அவர் வாழ்ந்தது 43 ஆண்டுகள். அவற்றுள் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பார்வையின்றிக் கழிந்தன. இறுதிப் பதினாறு, பதினேழு ஆண்டுகள் காசநோயோடு கழிந்தன. அவர் கண்டறிந்த முறைக்கு அவர் பயின்ற பள்ளியின் முறையான அங்கீகாரம்கூட அவர் மறைந்த பிறகே கிடைத்தது. இத்தனைக்கும் நடுவில் அவர் எப்படி வாழ்ந்தார் என்பதே நாம் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி.

பட்டறையில் நேர்ந்த விபத்து

பிரான்ஸ் நாட்டின் தலைநகரான பாரிஸுக்குக் கிழக்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் கூவ்ரே என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே சிமோன் ரெனே பிரெயில் என்பவர் குதிரைகளுக்கான சேணமும் கடிவாளமும் தோல் வார்களும் செய்து பிழைத்துவந்தார். அவருடைய மனைவி மோனிக். இத்தம்பதியரின் நான்கு குழந்தைகளில் கடைசியாக 1809 ஜனவரி 4-ஆம் நாள் பிறந்தவர் லூயி.

வீட்டை ஒட்டியே பட்டறை. தந்தை தோலை அறுப்பதையும் துளையிடுவதையும் தைப்பதையும் பார்த்துக்கொண்டே குழந்தை வளர்ந்தது. பெரியவர்கள் செய்வதைத் தானும் செய்து பார்ப்பது குழந்தைகளின் இயல்பு. 1812-ஆம் ஆண்டில் ஒரு நாள், மூன்று வயது லூயி பட்டறையிலிருந்த கூர்மையான கருவி ஒன்றை எடுத்துத் தோல் துண்டின்மேல் வைத்து அழுத்தினான். அது தோலைத் துளைக்கும் குத்தூசி என்று சிலரும், தோலை அறுக்கும் கத்தி என்று சிலரும் கூறுவர். எதுவாயினும் அது வழுக்கிக் குழந்தையின் ஒரு கண்ணைக் குத்திவிட்டது.

கிருமிகளால் நோய் பரவுகிறது என்பதே மருத்துவ உலகம் அறியாத காலம் அது. கிராமத்தில் கிடைத்த சிகிச்சையெல்லாம் செய்து பார்த்தனர். காயம் ஆறவில்லை. சீழ் பிடித்து, நோய் மற்றொரு கண்ணுக்கும் பரவியது. ஐந்து வயது நிறைவதற்குள் லூயி முற்றிலுமாகப் பார்வையை இழந்தான்.

தன் குடும்பத்துக்குச் சோறு போட்ட கருவியே தன் குழந்தையின் கண்ணைப் பறித்ததைக் கண்ட தந்தையின் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. போதாக்குறைக்கு அது போர்க்காலம். நெப்போலியனின் வீழ்ச்சியை ஒட்டி அயல்நாட்டுப் படையினர் அந்தச் சிற்றூரிலும் வந்து தங்கினர். உணவுக்கும் பாதுகாப்புக்கும் ஊரே தவித்த நாட்களில் அந்தக் குழந்தை இருளில் நடக்கக் கற்றுக்கொண்டது.

பெற்றோர் செய்த பேருதவி

அக்காலத்து ஐரோப்பாவில் பார்வையற்ற ஏழைக் குழந்தைக்கு இருந்த வழி பெரும்பாலும் ஒன்றுதான்: தெருவில் கையேந்துவது. லூயியின் பெற்றோர் அந்த வழியை ஏற்கவில்லை. அதே சமயம், குற்ற உணர்வின் காரணமாகக் குழந்தையை மூலையில் உட்காரவைத்துச் செல்லம் கொடுக்கவும் இல்லை. தந்தை அவனுக்குக் கைத்தடி செய்து கொடுத்தார். அதைத் தட்டித் தட்டி ஊரின் பாதைகளை அவன் பழகிக்கொண்டான். பட்டறை வேலைகளில் விரல்களால் செய்யக்கூடியவற்றை அவனுக்குக் கற்றுக்கொடுத்தனர். மரப்பலகையில் ஆணிகளை எழுத்து வடிவில் அடித்து, அவற்றைத் தடவித் தடவி எழுத்துகளை அறியுமாறு தந்தை செய்தார் என்றும் கூறப்படுகிறது.

1815-இல் அவ்வூர்த் தேவாலயத்துக்கு வந்துசேர்ந்த பாலூயி என்ற பாதிரியார் சிறுவனின் அறிவுக்கூர்மையைக் கண்டு அவனுக்குப் பாடம் சொல்லத் தொடங்கினார். பிறகு அவருடைய முயற்சியால் ஊர்ப் பள்ளியிலும் இடம் கிடைத்தது. மற்றப் பிள்ளைகள் கண்ணால் படித்ததை லூயி காதால் கேட்டு மனத்தில் பதித்துக்கொண்டான். வகுப்பில் அவன் யாருக்கும் பின்தங்கவில்லை. ஆயினும் ஒரு தடை இருந்தது. ஆசிரியர் பேசும்வரைதான் பாடம். வீட்டுக்கு வந்தபின் மற்றவர்கள் புத்தகத்தைத் திறப்பார்கள். அவனுக்குத் திறப்பதற்கு எதுவும் இல்லை.

பாதிரியாரும் பள்ளி ஆசிரியரும் ஊர்ப் பிரபுவும் சேர்ந்து முயன்றதன் பயனாக, பாரிஸிலிருந்த பார்வையற்ற சிறுவர்களுக்கான அரசப் பள்ளியில் லூயிக்கு இடம் கிடைத்தது. 1819 பிப்ரவரி 15-ஆம் நாள், பத்து வயதில், தந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு அவன் அந்தப் பள்ளியின் வாசலை மிதித்தான்.

கண்ணுக்கான எழுத்தும் விரலும்

பார்வையற்றோருக்காக உலகில் ஏற்பட்ட முதல் பள்ளி அது. அதை 1785-இல் நிறுவியவர் வாலன்டின் அவுயி என்ற பெருந்தகை. 1771-ஆம் ஆண்டில் பாரிஸின் சந்தை ஒன்றில் பார்வையற்ற சிலரைக் கோமாளிகளாக வேடமிட்டு இசைக்கருவிகளை வாசிக்கச் செய்து, கூட்டம் கைகொட்டிச் சிரிப்பதை அவர் கண்டார். அந்தக் காட்சி அவர் மனத்தை உலுக்கியது. அவர்களையும் படிக்கவைக்க முடியும் என்று காட்டுவதற்காகவே அவர் அந்தப் பள்ளியைத் தொடங்கினார்.

பள்ளி இருந்த கட்டடம் பழமையானது. ஈரமும் இருளும் நிறைந்தது. பிள்ளைகள் அங்கே அடிக்கடி நோயுற்றனர். பின்னாளில் லூயியின் நுரையீரலைப் பற்றிய நோய்க்கு அந்தக் கட்டடமே காரணமாக இருந்திருக்கலாம் என்று கருதுவோர் உண்டு.

அங்கே லூயியின் நெடுநாள் ஏக்கம் பாதி தீர்ந்தது, புத்தகங்கள் இருந்தன. கனத்த காகிதத்தை ஈரமாக்கி அச்செழுத்துகளின்மேல் வைத்து அழுத்தி, வழக்கமான எழுத்துகளையே பெரிய அளவில் புடைத்து நிற்கச் செய்யும் முறையை அவுயி ஏற்படுத்தியிருந்தார். மாணவன் ஒவ்வோர் எழுத்தின் வளைவையும் கோட்டையும் விரலால் தடவி, இது இன்ன எழுத்து என்று உணர வேண்டும். ஒரு வாக்கியத்தின் முடிவுக்கு வருவதற்குள் அதன் தொடக்கம் நினைவிலிருந்து நழுவிவிடும். புத்தகங்களோ தூக்க முடியாத கனம். எண்ணிக்கையிலும் மிகச் சில. இவற்றுக்கெல்லாம் மேலான குறை ஒன்று இருந்தது. அம்முறையில் படிக்கலாம், எழுத முடியாது. பார்வையற்றவன் பிறர் சொல்வதைப் பெற்றுக்கொள்ளலாம். தன் மனத்தில் உள்ளதைத் தானே எழுதித் தர இயலாது.

அவுயியின் அன்பில் குறையில்லை. ஆனால் அவருடைய முறை கண்ணுக்காகப் பிறந்த எழுத்தை விரலின்மேல் சுமத்தியது. பார்வையுள்ளோரைப் போலவே பார்வையற்றோரும் படிக்க வேண்டும் என்ற நல்லெண்ணம் அது. நல்லெண்ணத்திலும் ஒரு பிழை ஒளிந்திருக்கக்கூடும் என்பதற்கு இதுவே சான்று.

பன்னிரண்டு ஆறான கதை

1821-இல் பள்ளிக்கு ஒரு புதிய எழுத்துமுறை அறிமுகமாயிற்று. அதை உருவாக்கியவர் ஷார்ல் பார்பியே. முன்னர் படையில் அதிகாரியாக இருந்தவர். பள்ளிக்கூடம் செல்ல வசதியற்றவர்களும் பார்வையற்றோரும் எளிதில் எழுதப் படிக்க வேண்டும் என்ற நோக்கத்தோடு ஒலிகளைப் புள்ளிகளால் குறிக்கும் ஒரு முறையை அவர் அமைத்திருந்தார். இரண்டு வரிசைகள்; வரிசைக்கு ஆறு புள்ளிகள்வரை. கோடுகளைவிடப் புள்ளிகளை விரல் விரைவாக உணர்கிறது என்பதை மாணவர்கள் உடனே கண்டுகொண்டனர். அதைவிடப் பெரிய மகிழ்ச்சி, கூரான கோலைக் கொண்டு அவற்றைத் தாங்களே காகிதத்தில் குத்தி எழுத முடிந்தது.

பன்னிரண்டு வயது லூயிக்கு அந்த முறையின் பெருமையும் புரிந்தது, குறையும் புரிந்தது. ஆறு புள்ளிகள் உயரமுள்ள ஒரு குறியீடு விரல்நுனியின் பரப்புக்குள் அடங்குவதில்லை. விரலை மேலும் கீழும் நகர்த்தித் தேட வேண்டியிருந்தது. மேலும், அது ஒலியை மட்டுமே குறித்தது. சொற்களை எழுத்துக்கூட்டி எழுதவோ, நிறுத்தக்குறிகள் இடவோ, எண்களையும் இசையையும் எழுதவோ அதில் முறையான வழி இல்லை. ஏழைக்கும் பார்வையற்றவனுக்கும் அவ்வளவு போதும் என்பதே பார்பியேயின் எண்ணம். தமக்கும் தம் தோழர்களுக்கும் முழுமையான கல்வியே வேண்டும் என்பது லூயியின் எண்ணம்.

அன்று முதல் மூன்று ஆண்டுகள் லூயி வேறொரு சிந்தனையுமின்றி அந்தப் பணியில் மூழ்கினார். பகலில் வகுப்புகள், ஆகவே மற்றவர்கள் உறங்கிய பிறகும் விடியற்காலையிலும்தான் நேரம் கிடைத்தது. விடுமுறைக்குக் கூவ்ரேக்குச் சென்றபோதும் குத்துகோலும் எழுதுபலகையும் உடன் சென்றன. புள்ளிகளைக் குத்துவார், தடவுவார், அழித்துவிட்டு மறுபடியும் தொடங்குவார். 1824-இல், பதினைந்து வயதில், அவருடைய முறை பெரும்பாலும் உருப்பெற்றுவிட்டது.

பன்னிரண்டு புள்ளிகளை அவர் ஆறாகக் குறைத்தார். பக்கத்துக்கு மூன்றாக இரண்டு வரிசைகள். விரல்நுனியை ஒருமுறை வைத்தால் போதும், முழு எழுத்தும் அதன்கீழ் அடங்கிவிடும். ஆறு புள்ளிகளில் எவை புடைத்திருக்கின்றன, எவை இல்லை என்பதைக் கொண்டு 63 வடிவங்கள் கிடைக்கும். முதல் பத்து எழுத்துகளுக்கு மேலுள்ள நான்கு புள்ளிகளை மட்டும் பயன்படுத்தினார். அடுத்த பத்துக்கு அதே வடிவங்களோடு கீழ்ப்புள்ளி ஒன்றைச் சேர்த்தார். அதற்கடுத்த வரிசைக்குக் கீழ்ப்புள்ளிகள் இரண்டையும் சேர்த்தார். முதல் பத்தை மனத்தில் வாங்கிக்கொண்ட சிறுவனுக்கு மற்றவை தாமாகவே வந்துவிடும். எழுதும்போது காகிதத்தின் பின்புறமிருந்து வலமிருந்து இடமாகக் குத்திக்கொண்டே போக வேண்டும். திருப்பினால் புள்ளிகள் புடைத்து, இடமிருந்து வலமாகப் படிக்கக் கிடைக்கும்.

இந்த எளிமையின் பின்னால் இருந்த மன மாற்றத்தை நாம் கவனிக்க வேண்டும். பார்வையுள்ளோர் கண்ணை அளவுகோலாக வைத்துக்கொண்டு விரலுக்கு எழுத்துத் தேடினர். லூயி விரலையே அளவுகோலாக வைத்துக்கொண்டார். தம்மிடம் இல்லாததை அவர் கணக்கில் எடுக்கவில்லை. இருப்பதன் இயல்பு என்ன, அதன் எல்லை என்ன, அதன் ஆற்றல் என்ன என்று பொறுமையாக ஆராய்ந்தார். தம் நிலையை முழுவதும் ஒப்புக்கொண்ட பிறகுதான் அவருக்கு வழி பிறந்தது. ஒப்புக்கொள்வது தோல்வி அன்று. வேலையைத் தொடங்கும் இடம் அதுதான். கண்ணைப் பறித்ததும் ஒரு கூரிய கருவி. தோழர்களுக்கு எழுத்தைத் தந்ததும் ஒரு கூரிய கருவி. கருவியில் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. அதை ஏந்தும் கை கலங்காமல் இருந்ததே இங்குப் பெரிது.

1829-இல் தம் இருபதாம் வயதில் அவர் இம்முறையை விளக்கி ஒரு நூலை வெளியிட்டார். சொற்களை எழுதுவதோடு இசைக்குறிப்புகளை எழுதும் வழியும் அதில் இடம்பெற்றது. அந்நூலில், தமக்கு வழிகாட்டியது பார்பியேயின் முறையே என்பதை நன்றியுடன் அவர் குறிப்பிட்டிருக்கிறார். பார்பியேயுடன் கருத்து வேறுபாடு இருந்தது. ஆனாலும் நன்றியில் குறைவைக்கவில்லை. பிறர் தந்த விதையைத் தம்முடையது என்று சொல்லிக்கொள்ளாத நேர்மை அது.

ஆசிரியரும் இசைஞரும்

தாம் பயின்ற பள்ளியிலேயே 1828-இல் துணை ஆசிரியராகவும், 1833-இல் முழு ஆசிரியராகவும் லூயி அமர்த்தப்பட்டார். இலக்கணம், கணக்கு, புவியியல், இசை முதலிய பாடங்களைக் கற்பித்தார். தொடக்க மாணவர்களுக்காகக் கணித நூல் ஒன்றையும் எழுதினார். கண்டிப்பைவிட அன்பினாலும் தெளிவினாலும் மாணவர்களைக் கவர்ந்தவர் என்று அவருடன் பழகியவர்கள் எழுதிவைத்திருக்கின்றனர்.

இசையில் அவருக்கு ஆழ்ந்த தேர்ச்சி இருந்தது. செல்லோ வாசித்தார், பாரிஸின் தேவாலயங்களில் ஆர்கன் இசைப்பவராகப் பணியாற்றினார். பக்தியும் இசையும் அவருக்கு வேறுவேறாக இருக்கவில்லை. வழிபாட்டுக்கு வந்தவர்கள் ஆர்கனின் முன் அமர்ந்திருந்த மெலிந்த இளைஞரைப் பார்த்தார்கள்; அவருக்குப் பார்வை இல்லை என்பது இசையில் எங்கும் தெரியவில்லை.

1831-இல் தந்தை காலமானார். இறக்கும் தறுவாயிலும் அவருக்கு மகனைப் பற்றிய கவலையே இருந்தது. மகனைக் கைவிடாமல் பார்த்துக்கொள்ளுமாறு பள்ளித் தலைவர் பினியேக்கு எழுதி அனுப்பச் செய்தார். பினியே அந்தப் பொறுப்பை மறக்கவில்லை. அவர் தலைமையில் இருந்தவரை லூயியின் எழுத்துக்குப் பள்ளியில் ஊக்கம் இருந்தது. 1837-இல் திருத்திய இரண்டாம் பதிப்பும் வெளிவந்தது.

1839-இல் லூயி மற்றொரு முறையையும் வெளியிட்டார். தோழர்கள் தமக்குள் எழுதிக்கொள்ள ஆறு புள்ளிகள் போதும். ஆனால் ஊரிலிருக்கும் தாய்க்கு எப்படி எழுதுவது? அவருக்கு அந்தப் புள்ளிகள் தெரியாதே! ஆகவே புள்ளிகளைக் கொண்டே வழக்கமான எழுத்துகளின் உருவத்தை அமைக்கும் முறையை அவர் வகுத்தார். அதன்படி பார்வையற்றவர் எழுதுவதைப் பார்வையுள்ளவர் கண்ணால் படிக்கலாம். அதே பள்ளியின் பழைய மாணவரும் பார்வையற்றவருமான ஃபூக்கோ என்பவர் இதற்காக 1841-இல் ஓர் எழுதுபொறியையே செய்து தந்தார். பிறரை விட்டு விலகித் தமக்கென ஒரு தனி உலகம் அமைத்துக்கொள்வது லூயியின் நோக்கமன்று என்பதை இது தெளிவாக்குகிறது. தம் தோழர்கள் பிறரோடு சமமாகப் பேச வேண்டும் என்பதே அவர் விருப்பம்.

நோயும் புறக்கணிப்பும்

1835 அளவில் லூயியின் இருமலில் இரத்தம் தென்பட்டது. காசநோய்! அதற்கு அன்று மருந்து இல்லை. உடல் தளரும்போது கூவ்ரேக்குச் சென்று தாயின் அருகில் ஓய்வெடுப்பார். சற்றுத் தேறியதும் வகுப்பறைக்குத் திரும்புவார். இப்படியே ஆண்டுகள் சென்றன.

1840-இல் பினியே பதவியிலிருந்து நீக்கப்பட்டார். துஃபோ என்பவர் தலைவரானார். பார்வையற்றோருக்குத் தனி எழுத்து இருந்தால் அவர்கள் சமுதாயத்திலிருந்து பிரிந்துவிடுவார்கள் என்பது அவர் கருத்து. ஆகவே லூயியின் எழுத்து வகுப்புகளிலிருந்து விலக்கப்பட்டது. வெளிநாட்டில் வழங்கிய புடைப்பெழுத்து முறை அங்கே நுழைந்தது. தாம் உருவாக்கிய எழுத்து தாம் கற்பிக்கும் பள்ளியிலேயே ஒதுக்கப்படுவதை லூயி காண நேர்ந்தது. கைகள் சோர்ந்திருந்தன, மூச்சு வாங்கியது, ஆதரித்தவர் போய்விட்டார். வேறொருவராக இருந்தால் மனம் கசந்து போயிருக்கும்.

லூயி சண்டையிடவும் இல்லை. பணியை விடவும் இல்லை. அவருக்காக வாதாடியவர்கள் மாணவர்களே. அவர்கள் இரவில் மறைவாக அந்த எழுத்திலேயே குறிப்புகள் எழுதினர், ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுத்தனர். ஒருமுறை சொந்தமாக எழுதிப் பழகிய கையை எந்த ஆணையாலும் மறக்கச்செய்ய முடியவில்லை. உண்மையான பயனுள்ள ஒன்றை அதன் பயனாளிகளே காப்பாற்றுவார்கள் என்பதை அச்சிறுவர்கள் மெய்ப்பித்தனர்.

துணைத்தலைவராக வந்த குவாதே இதைக் கவனித்து, அம்முறையின் சிறப்பை உணர்ந்தார். பள்ளி 1843-இல் புதிய, காற்றோட்டமான கட்டடத்துக்கு மாறியது. 1844 பிப்ரவரி 22-ஆம் நாள் நடந்த திறப்பு விழாவில் லூயியின் முறை அனைவரின் முன்னிலையிலும் விளக்கப்பட்டது. மாணவர்கள் எழுதியும் படித்தும் காட்டினர். எதிர்த்த துஃபோவும் பின்னர்த் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். தவறை உணர்ந்து திருத்திக்கொண்ட அந்தப் பண்பையும் நாம் போற்றவே வேண்டும்.

இறுதி நாட்கள்

ஆயினும் அந்த வெற்றியை முழுவதும் அனுபவிக்க லூயியின் உடல் இடம் தரவில்லை. நீண்ட ஓய்வுக்குப்பின் 1847-இல் மீண்டும் கற்பிக்க வந்தார். சில ஆண்டுகளில் அதையும் குறைத்துக்கொண்டு, பியானோ பாடம் மட்டும் சொல்லிக்கொடுத்தார். 1851 டிசம்பரில் இரத்தப்போக்கு மிகுந்து படுக்கையில் விழுந்தார். மரணத்தைக் குறித்த கலக்கம் அவரிடம் காணப்படவில்லை என்று உடனிருந்த நண்பர்கள் பதிவு செய்திருக்கின்றனர். தாம் இவ்வுலகில் செய்ய வேண்டிய பணி முடிந்தது என்ற நிறைவோடும் இறைவனிடம் செல்கிறோம் என்ற நம்பிக்கையோடும் இறுதி வழிபாட்டை ஏற்றுக்கொண்டு, 1852 ஜனவரி 6-ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். 43 வயது நிறைந்து இரண்டே நாட்கள் ஆகியிருந்தன.

அவர் விட்டுச்சென்றவற்றுள் ஒரு சிறு பெட்டி இருந்தது. அதைத் திறக்காமல் எரித்துவிட வேண்டும் என்பது அவர் விருப்பம். ஆவலை அடக்க முடியாமல் நண்பர்கள் திறந்து பார்த்தனராம். உள்ளே இருந்தவை பல ஆண்டுகளாக மாணவர்கள் அவரிடம் கடன் பெற்றதற்கு எழுதிக்கொடுத்த சீட்டுகள். தம் மறைவுக்குப்பின் அவற்றை யாரும் திருப்பிக் கேட்டுவிடக் கூடாது என்பதே அவருடைய எண்ணம். சிறிய ஊதியத்தில் வாழ்ந்த ஒருவர் எத்தனை பேருக்கு ஓசையின்றி உதவியிருக்கிறார்! சீட்டுகள் அவர் விரும்பியபடியே நெருப்பில் இடப்பட்டன.

உள்ளத்தின் வலிமைக்கு இதுவே சரியான உரைகல் என்று தோன்றுகிறது. தன் துன்பத்தையே எண்ணிக்கொண்டிருப்பவனுக்குப் பிறர் துன்பம் கண்ணில் படுவதில்லை. பார்வையற்ற லூயிக்கு அது கண்ணில் பட்டது.

மறைவுக்குப் பின்

1854-இல், அதாவது அவர் மறைந்த இரண்டாம் ஆண்டில், பள்ளி அவருடைய எழுத்தை முறையாக ஏற்றுக்கொண்டது. 1878-இல் பாரிஸில் கூடிய பன்னாட்டு மாநாடு அதனை ஆதரித்தது. மறைந்து நூறு ஆண்டுகள் நிறைந்த 1952-இல், நாட்டின் பெருமக்கள் துயிலும் பாந்தியன் என்ற நினைவாலயத்துக்கு அவருடைய உடல் கொண்டுசெல்லப்பட்டது. பார்வையும் செவிப்புலனும் இழந்தும் உலகப் புகழ்பெற்ற ஹெலன் கெல்லர் அந்த விழாவுக்கு வந்து அஞ்சலி செலுத்தினார். கூவ்ரே மக்களோ தங்கள் மைந்தனை முழுவதுமாக விட்டுக்கொடுக்கவில்லை. எழுத்தைக் கண்டெடுத்த அந்தக் கைகள் மட்டும் ஒரு கலசத்தில் அவ்வூரிலேயே வைக்கப்பட்டன.

நம் நாட்டுக்கும் இந்த எழுத்து செய்த நன்மை பெரிது. தொடக்கத்தில் இங்கே வட்டாரத்துக்கு ஒரு முறையாகப் பல புள்ளி எழுத்துகள் வழங்கின. ஓரிடத்தில் படித்தவருக்கு மற்றோரிடத்துப் புத்தகம் பயன்படவில்லை. சுதந்திரத்துக்குப் பின், 1951-இல், இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவான பாரதி பிரெயில் உருவாயிற்று. கண்ணால் படிப்பவர்களுக்குத் தமிழ் எழுத்து ஒன்று, இந்தி எழுத்து ஒன்று, வங்க எழுத்து ஒன்று. ஆனால் அகரம் என்ற முதல் எழுத்துக்கு விரலால் படிக்கும் தமிழ்க் குழந்தையும் வங்கக் குழந்தையும் தொடுவது ஒரே ஒரு புள்ளியைத்தான். கண்ணுக்குப் பலவாகத் தோன்றுவது விரலுக்கு ஒன்றாக இருக்கிறது. லூயி பிறந்த இருநூறாம் ஆண்டான 2009-இல் இந்திய அரசு அவர் நினைவாக நாணயம் வெளியிட்டது. அவருடைய பிறந்தநாளான ஜனவரி 4, ஐக்கிய நாடுகள் அவையின் அறிவிப்பின்படி 2019 முதல் உலக பிரெயில் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

கணினி பேசும் இந்தக் காலத்திலும் அந்த ஆறு புள்ளிகள் காலாவதியாகிவிடவில்லை. காதால் கேட்பவர் செய்தியை அறியலாம். ஒரு சொல் எந்தெந்த எழுத்துகளால் ஆனது, ஒரு கணக்கு எப்படி அமைந்திருக்கிறது, ஒரு பாடலின் இசைக்குறிப்பு எங்கே வளைகிறது என்பவற்றை நேரில் உணர விரலுக்கு எழுத்து வேண்டும். கணினியில் உள்ளதைப் புள்ளிகளாக எழுப்பிக் காட்டும் கருவிகள் இன்று வந்திருக்கின்றன. அவற்றின் அடிப்படை, பதினைந்து வயதுச் சிறுவர் ஒருவர் இரவில் விழித்திருந்து கண்டதுதான்.

நமக்குக் கிடைக்கும் பாடம்

உடற்குறையோடு வாழும் அன்பர்கள் இந்த வாழ்க்கையை எண்ணிப் பார்க்க வேண்டும். லூயி தம் கண்களைத் திரும்பப் பெறவில்லை. நோயிலிருந்து மீளவும் இல்லை. வெளியில் எந்த அற்புதமும் நிகழவில்லை. ஆனால், என்னிடம் என்ன இல்லை என்ற கேள்வியை விட்டுவிட்டு, என்னிடம் உள்ளது எதற்குப் பயன்படும் என்ற கேள்வியை அவர் எடுத்துக்கொண்டார். முதல் கேள்விக்கு முடிவே இல்லை. அது மனத்தை நாள்தோறும் அரிக்கும். இரண்டாவது கேள்வி நம்மை வேலையில் நிறுத்தும். வேலையில் நிலைத்த மனத்தில் வலிமை தானாகவே ஊறும்.

அத்தகைய குழந்தையை வளர்க்கும் பெற்றோர் கூவ்ரேயின் சேணத் தொழிலாளியை நினைத்துக்கொள்ளலாம். அவர் மகனுக்காக அழுதிருப்பார். ஆனால் அழுகையோடு நிற்காமல் ஒரு கைத்தடியும் செய்து கொடுத்தார். இரக்கம் குழந்தையை உட்காரவைக்கும். நம்பிக்கைதான் அதை நடக்கவைக்கும்.

உதவ விரும்பும் மற்றவர்களுக்கும் இங்கே பாடம் இருக்கிறது. அவுயியும் பார்பியேயும் துஃபோவும் நல்லவர்களே. ஆயினும் பார்வையற்றோருக்கு எது வேண்டும் என்பதை ஒரு பார்வையற்ற சிறுவர்தான் சரியாக அறிந்திருந்தார். சேவை செய்யப் புறப்படுபவர் கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டும்; நம் அளவுகோலை அவர்கள்மேல் சுமத்தாமல், அவர்களுடைய விரல் எதைத் தேடுகிறது என்று பொறுத்திருந்து அறிய வேண்டும். அதுவே சேவையில் பணிவு.

எங்கோ ஒரு வகுப்பறையில் இன்றும் ஒரு குழந்தை காகிதத்தின்மேல் விரலை மெல்ல நகர்த்தித் தன் பெயரை முதன்முறையாகத் தானே படிக்கிறது. அதன் முகத்தில் மலரும் மகிழ்ச்சிக்குக் காரணமானவர், அந்த மகிழ்ச்சியைப் பிறர் முகத்தில் ஒருநாளும் கண்ணால் கண்டதில்லை. காணாமலே கொடுத்தார், கைம்மாறு எதிர்பாராமலே கொடுத்தார். நமக்கு வாய்த்த உடல் எதுவாயினும், அதைக் கொண்டு செய்யக்கூடிய நற்பணி ஒன்று நிச்சயம் இருக்கிறது. அதைக் கண்டறியும் தெளிவையும், தளராமல் செய்யும் உறுதியையும் இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக!